பன்னிரண்டாம் எண் வீட்டில் இருபத்தொரு பேர்

ஒரு வாளி தின்னரை ஊற்றி, கனத்த சங்கிலியை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி, ட்ரம்மைப் படுக்க வைத்துக் காலால் உருட்ட வேண்டும். அந்தச் சுவர் வரைக்கும் நாற்பது தடவை, இந்தச் சுவர் வரைக்கும் நாற்பது தடவை. உள்ளே சங்கிலி புரண்டு புரண்டு ஒட்டிக் கிடக்கும் பழைய பசையையும் பெயின்ட்டையும் சுரண்டி எடுத்துவிடும். மூடியைத் திறக்கும்போதுதான் கவனம் வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தள்ளில் கழிவை வாய்க்காலில் கவிழ்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முகத்தைத் திருப்ப மறந்து இரண்டு நாள் வாந்தி எடுப்பார்கள். மூன்றாம் நாள் கற்றுக்கொள்வார்கள்.

பழைய ட்ரம் கழுவுகிற இந்தப் பட்டறையில் சாவிக்காரி பதினொரு வருடமாக உருட்டுகிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ட்ரம்மில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவாள். வாய்க்கால் என்று பேர்தானே தவிர, பட்டறையின் பின்சுவரைத் தாண்டியதும் அது மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். அங்கிருந்து நூறு அடி தள்ளிப் பள்ளத்து ஆட்களின் அடிபம்பு. தகரக் கூரை போட்ட நான்கு வரிசை வீடுகளுக்கும் அந்த ஒரு பம்புதான். தண்ணீரைக் காய்ச்சினால் பட்டறை வாசம் வீடு முழுக்க ஏறும். காய்ச்சாமல் குடித்தால் வாசம் அவ்வளவாகத் தெரியாது என்று காய்ச்சாமலே குடித்தார்கள்.

அன்று சாப்பாட்டு மணி அடித்ததும் மேனேஜர் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன வாட்ச்மேன் பையன், இருபத்தாறு வயதிருக்கும், ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தான். மாட்டிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தான்.

"என்ன மேனேஜரே, முதலாளி கல்யாணப் போட்டோவா?" என்றார் வெல்டர். பட்டறையின் உடைந்த கதவு, பிய்ந்த பிடி எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய மனைவியும் ட்ரம் உருட்டியவள்தான். முப்பத்து நான்கு வயதில் ஈரலில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தாள்.

"பள்ளத்துல புத்துநோய்ச் சாவு அதிகம்னு நீங்க குடுத்த மனுவுக்கு சுகாதார ஆபீஸ்ல இருந்து பதில் வந்திருக்கு. நல்லா பாத்துக்குங்க" என்றார் மேனேஜர்.

ஊரை இருபத்திரண்டு பகுதியாகப் பிரித்துக் கட்டம் போட்டிருந்தது. இருபத்தைந்து வயதிலிருந்து ஐம்பது வயதுக்குள், கடந்த ஐந்து வருடத்தில், ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் புற்றுநோயில் செத்தார்கள் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். குறைவென்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், அதிகம் என்றால் சிவப்பு. பள்ளம் பச்சையாக இருந்தது. அதை ஒட்டியே மேலே இருந்த மேடு, மாடி வீடும் மரமுமாக இருக்கிற மேடு, ரத்தச் சிவப்பாக இருந்தது. ஊரிலேயே சிவப்பு அது ஒன்றுதான்.

"நம்ம பள்ளத்துல எத்தன பேராம்?" வெல்டரின் குரல் மாறிவிட்டது.

"ஒண்ணு."

"ஒண்ணா? என் பொண்டாட்டி ஒண்ணு. அப்ப தையக்காரரு? பால்காரரோட மருமக? அந்த ரெட்டைப் பிள்ளைங்களோட அப்பன்? அவங்கல்லாம் என்ன, ஊருக்குப் போயிருக்காங்களா?"

சுற்றி நின்றவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். இரண்டு கை விரலும் தீர்ந்து பக்கத்தில் நின்றவர் விரலையும் இரவல் வாங்கினார்கள். பதினெட்டு வந்தது. மேனேஜர், "கவர்மென்ட்டு கணக்கு பொய் சொல்லுமா? மாசக் கடைசியில லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்துல வீணா வம்பு பண்ணாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெல்டர் கையில் இருந்த ஸ்பேனரை நாய்க்கு எறிவது போல எறிந்தார். அது ட்ரம்மில் பட்டுப் பட்டறையே அதிர்ந்தது.

சாவிக்காரி பச்சையைப் பார்க்கவில்லை. சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். மேட்டுத் தெரு. முந்தானையில் முடிந்திருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தரை வருடத்துக்கு முன்னால் அந்த நோய் பள்ளத்தில் முதன்முதலாக வந்தது அவள் புருஷனுக்குத்தான். முப்பத்தெட்டு வயது, ஒற்றை ஆளாக லாரியில் ட்ரம் ஏற்றுகிற உடம்பு. ரத்தமாக வாந்தி எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியத்துக்கு அட்டை வேண்டும், அட்டைக்குக் கதவு எண் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். பள்ளத்தில் எந்தக் கதவுக்கும் எண் கிடையாது. அனுமதி இல்லாத குடியிருப்பாம். கவுன்ட்டரில் இருந்தவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கதவு எண் இல்லாம அட்டை இல்லம்மா, அடுத்த ஆளு" என்றான். அவனுக்கு முன்னால் நின்று கெஞ்சினாள், கத்தினாள், கடைசியில் ஒருநாள் காறித் துப்பிவிட்டு வந்தாள். வலிக்கு மாத்திரைகூட இல்லாமல் பத்து மாதம் பாயில் கிடந்து அவன் செத்தான். எங்கே செத்தான் என்று பதிவு அலுவலகத்தில் கேட்டார்கள். பள்ளம் என்றாள். பள்ளம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மேட்டுத் தெருவில் பன்னிரண்டாம் எண் வீடு அவள் பொறுப்பில் இருந்தது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய் எட்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு, வரி வந்தால் கட்டிவிட்டு வருவாள். அதற்காக, வீட்டு விஷயத்தில் அவள் கையெழுத்து செல்லும் என்று அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். புருஷன் செத்த மூன்றாவது ஞாயிறு கதவைத் திறந்தால் காலடியில் வரி ரசீது கிடந்தது. கதவு எண் பன்னிரண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் கூடத்தில் நின்றவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த மாதமே தையல்காரருக்குத் தொண்டையில் வந்தது. 'இவர் இந்த வீட்டில் குடியிருக்கிறார்' என்று எழுதி, ரசீது நகலைச் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நாலே நாளில் அட்டை வந்துவிட்டது. தையல்காரர் அதற்கப்புறம் ஒன்றரை வருடம் இருந்தார். கடைசி வரை வலிக்கு ஊசி இருந்தது. அதற்குப் பிறகு யாருக்குக் கட்டி வந்தாலும், ரத்தம் போனாலும், முதலில் அவள் கதவைத்தான் தட்டினார்கள். ஒருவரிடமும் ஒரு டீக்கூட வாங்கிக் குடித்ததில்லை. சாவிக்காரி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டு வைத்த பெயர் அது. அட்டை கிடைத்தவர்கள் ஆஸ்பத்திரியில் செத்தார்கள். அட்டையில் இருந்த முகவரி இறப்புச் சான்றிதழுக்குப் போனது. அழுதுகொண்டு நிற்கிற நேரத்தில் அதில் முகவரி என்ன என்று யார் பார்த்தார்கள்?

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண்ணிடம் அனுப்பினார்கள். அந்த அட்டவணையைப் போட்டது அவள்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜையில் ஆறிப்போன டீ.

"மேட்டுல அந்த வயசுக்காரங்களே இருநூத்து நாப்பது பேருதாம்மா. மத்தவங்கல்லாம் வயசானவங்க. அந்த இருநூத்து நாப்பதுல பதினேழு பேரு செத்திருக்காங்க. எனக்கே நம்ப முடியல. மூணு தடவ போட்டுப் பாத்தேன். கணக்கு சரியா இருக்கு" என்றாள் அந்தக் கணக்குப் பெண்.

"கணக்குல தப்பு இல்லம்மா. கதவு எண்ணைக் கொஞ்சம் பாருங்க."

"கதவு வரைக்கும் நாங்க போக மாட்டோம். பகுதியோட நிறுத்திக்குவோம்."

"இன்னிக்கு ஒரு நாளைக்குப் போங்க."

கணக்குப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. கீழே தள்ளிக்கொண்டே போனாள். கை தானாக வாயைப் பொத்தியது.

"எல்லாம் ஒரே வீடா? எவ்ளோ பெரிய வீடும்மா அது?"

"மூணு ரூமு. எட்டு வருஷமா ஒரு ஈ காக்கா இல்ல." சாவிக்காரி முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். "பூட்டு இன்னும் அப்படியேதான் இருக்கு."

நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் கணக்குப் பெண் பதினேழு பேரையும் மேட்டிலிருந்து எடுத்துப் பள்ளத்துக் கட்டத்தில் போட்டாள். ஏற்கெனவே அங்கே இருந்த ஒன்றோடு சேர்த்துப் பதினெட்டு. பள்ளத்தில் அந்த வயதுக்காரர்கள் ஆயிரத்து நூறு பேர். ஊர் முழுக்க ஆயிரத்துக்கு ஒருவர் செத்த இடத்தில் பள்ளத்தில் பதினாறு பேர். பச்சைக் கட்டம் கண்ணெதிரே சிவந்தது.

"அந்த ஒண்ணு என் வீட்டுக்காரரு" என்றாள் சாவிக்காரி. "அட்டை இல்லாமச் செத்தவரு. அதான் பள்ளத்துல எண்ணியிருக்கீங்க."

கணக்குப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அவளே எழுந்து பெரிய அதிகாரியின் அறைக்குக் கூட்டிப்போனாள். அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பிவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார்.

"மாத்தலாம். அதுல ஒண்ணும் பெரிய சிக்கல் இல்ல. ஒவ்வொரு குடும்பமும், முன்னால குடுத்த முகவரி பொய்னு எழுதிக் குடுக்கணும். குடுத்த உடனே அந்த முகவரியில ஓடிட்டிருக்கிற அட்டை எல்லாத்தையும் நாங்க நிறுத்தியாகணும். அதான் விதி."

"உசுரோட இருக்கிறவங்க அட்டையுமா சார்?"

"அப்படி எத்தன பேரு இருக்காங்க?"

நான்கு பேர் என்று நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்த நால்வரில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை. முப்பத்தொரு வயது, கழுத்தில் கட்டி. ஆறு ஊசியில் மூன்று போட்டாகிவிட்டது. கட்டி பாதியாகக் கரைந்திருக்கிறது, விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"யாரும் இல்ல சார்."

அவர் சிரித்தார். "நல்லதும்மா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பதிவேடு மட்டும்தான். நீங்க இங்க சொன்ன எதுவும் என் காதுல விழல. விழுந்திருந்தா இந்நேரம் நடவடிக்கை எடுத்திருக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் பட்டறையில் நாற்பது ட்ரம் உருட்டினாலும் இப்படி மூச்சு முட்டியதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாய் துடித்தது. தங்கையின் முகம் வந்து குறுக்கே நின்றது. எழுந்து வெளியே வந்தாள்.

கணக்குப் பெண் மாடிப்படி வரைக்கும் ஓடிவந்தாள். "அக்கா, ஒரே ஒரு வழி இருக்கு. சிவப்புப் பகுதியில தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு உத்தரவு இருக்கு. செவ்வாய்க்கிழமை வருவாங்க. சாவு அதிகமா இருக்கிற வீட்டுலதான் எடுப்பாங்க. தண்ணியில ஏதாவது இருந்துதுன்னா, எங்க இருந்து வருதுன்னு தேடித்தான் ஆகணும். யாரும் தட்டிக் கழிக்க முடியாது." சொல்லிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை பம்படியில் செத்தவர்களின் வீட்டு ஆட்கள் கூடினார்கள். சாவிக்காரி ஒன்றும் மறைக்கவில்லை. "என்னாலதான் ஆச்சு. நல்லது செய்யறேன்னு உங்க வீட்டுப் பொணத்தையெல்லாம் தூக்கிக் கொண்டுபோய் மேட்டுல வச்சுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட நீ ஒருத்தி, வாய மூடு!" என்று வெல்டர் அதட்டினார். "நீ கையெழுத்துப் போடலன்னா என் பொண்டாட்டி கத்திக் கத்திச் செத்திருப்பா. உன்னை யாரு குத்தம் சொன்னா? தாளைக் கொண்டா, நான் மொத ஆளா எழுதறேன். அவ இங்கதான் இருந்தா, இந்தத் தண்ணியத்தான் குடிச்சா, இங்கதான் செத்தா. எண்ணச் சொல்லு அவளை!"

ஆளாளுக்குப் பேனா கேட்டார்கள். பால்காரர் எழுதத் தெரியாதே என்று கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்போது தங்கை வந்தாள். முடி கொட்டிய தலையில் துண்டு கட்டியிருந்தாள். எழுதிக் கொடுத்தால் அட்டை நின்றுவிடும் என்பது அதற்குள் அவள் காதுக்கும் வந்திருந்தது. பம்பின் மேடையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னும் மூணு ஊசி இருக்கு" என்றாள்.

பேனாவுக்கு நீண்டிருந்த கைகள் இறங்கின.

"செத்தவங்கள அப்புறமா எண்ணிக்கலாம். அவங்க எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க. நான் பொழைக்கணும் மாமா." இதை அவள் வெல்டரைப் பார்த்துச் சொன்னாள். "என்னை வெக்கங்கெட்டவள்னு நெனச்சாலும் பரவாயில்ல."

வெல்டர் பாதி எழுதிய தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாகக் கிழித்து வாய்க்கால் பக்கம் போட்டார். "கேட்டுச்சுல்ல? எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். குடத்தை வைத்துத் தானே பம்பை அடிக்க ஆரம்பித்தார். வந்தது வந்தாயிற்று, ராத்திரிக்குத் தண்ணீர் வேண்டுமே.

ராத்திரி வீட்டில் அக்காவும் தங்கையும் பாயை விரித்துப் படுத்தார்கள். தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன்க்கா, அட்டையில நான் மேட்டுத் தெருக்காரிதானே? அந்த வீட்டுல எனக்கு எந்த ரூமு?"

"எதுவேணா எடுத்துக்க மகாராணி."

"ஜன்னல் இருக்கிற ரூமு. தையக்காரரு பக்கத்து ரூமு வேணாம், ராத்திரியெல்லாம் மிஷினை ஓட்டித் தூங்க விடமாட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். சாவிக்காரி சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் பம்படிக்குப் போய் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்தாள். பையில் துடைப்பத்தோடும் துணியோடும் அதையும் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். வெல்டரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "போட்டுத் தாக்கு" என்றிருந்தார் அவர்.

பத்து மணிக்கு இரண்டு பேர் பெட்டியோடு வந்தார்கள். ஒருவன் வாசலிலேயே போனில் நின்றுவிட்டான். இன்னொருவன் சீல் வைத்த சின்னப் பாட்டிலை நீட்டி, "சமையல் ரூம் குழாயில பிடிக்கணும்" என்றான்.

"தொடச்சு விட்டிருக்கேன் தம்பி, ஈரம். செருப்புக் காலோட வராதீங்க. குடுங்க, நான் பிடிச்சுத் தரேன்."

அவனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்து தண்ணீரைச் சத்தமாக ஓடவிட்டாள். பையிலிருந்து பள்ளத்துத் தண்ணீரை எடுத்து அந்தச் சின்னப் பாட்டிலை நிரப்பினாள். மூடியை இறுக்கி வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் மூடியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, பேனாவை எடுத்து எழுதினான்: மேட்டுத் தெரு, கதவு எண் 12.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. பட்டறை ட்ரம்களின் மேல் வாயில் நுழையாத பெயர் போட்டு வருகிற ஐந்து சரக்கில் மூன்று அந்தத் தண்ணீரில் இருந்தன. மேட்டுக்காரர்கள் காரில் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் வெல்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. "இப்ப வருவாங்க பாரு. வாய்க்காலைத் தோண்டுவாங்க. பட்டறைக்குப் பூட்டுப் போடுவாங்க. நாம வேலைக்கு எங்க போறதுன்னுதான் தெரியல" என்று சிரித்தார். சாவிக்காரி ட்ரம் உருட்டும்போதெல்லாம் கேட்டைப் பார்த்துக்கொண்டே உருட்டினாள்.

தோண்டுகிற மிஷின் வந்தது. பட்டறை கேட்டுக்கு முன்னால் வேகத்தைக்கூடக் குறைக்காமல் மேட்டுக்கு ஏறிப்போனது. பின்னாலேயே இரண்டு லாரியில் நீலநிறக் குழாய்கள் போயின.

சாவிக்காரி போட்டது போட்டபடி அலுவலகத்துக்கு ஓடினாள். கணக்குப் பெண்ணின் நாற்காலியில் வேறு ஓர் ஆள் இருந்தான். அவளைப் பிறப்புப் பதிவுக்கு மாற்றிவிட்டார்களாம். பெரிய அதிகாரி இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"எங்க இருந்து வருதுன்னு தேட மாட்டீங்களா சார்?"

"தேடுவோம். அதுக்குத் தனிக் குழு வரணும், தனி அனுமதி வரணும். மொதல்ல பாதிக்கப்பட்ட பகுதிக்கு நல்ல தண்ணி குடுத்தாகணும். மனுஷ உயிர் இல்லையா?"

"பட்டறை லைசென்ஸு?"

"அது பச்சைப் பகுதியாச்சே. போன வாரமே கையெழுத்தாயிடுச்சு."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அந்த மேஜையை அப்படியே கவிழ்க்கலாம் போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் தண்ணீரை மாற்றிவைத்தது வெளியே வரும், அதைத் தொட்டு அட்டை வரும், தங்கைக்கு இன்னும் இரண்டு ஊசி பாக்கி. "நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஏதோ வாழ்த்தைக் கேட்டவர் போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

பத்து நாளில் மேட்டுக்குப் புதுக் குழாய் வந்துவிட்டது. மலையடி ஏரியிலிருந்து நேராக வருகிற தண்ணீர் என்று தெருவெல்லாம் பேச்சு. இணைப்புக் கொடுக்க வந்த ஆள் பன்னிரண்டாம் எண் வீட்டுக் கூடத்தில் நின்று படிவத்தை எடுத்தான். நாற்காலிகள் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவன் பேச்சு கூடத்தில் எதிரொலித்தது.

"வீட்டுல மொத்தம் எத்தன பேரு?"

சாவிக்காரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இருபத்தொரு பேரு."

அவன் கூடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சரிதான் என்பது போல எழுதிக்கொண்டான். "அப்ப அரை இஞ்சு பத்தாது. முக்கால் இஞ்சு போட்டுடறேன்."

போட்டான். திறந்து காட்டினான். காய்ந்து கிடந்த தொட்டியில் தண்ணீர் மடமடவென்று விழுந்தது. எந்த வாசமும் இல்லை. அவள் வாசலில் வைத்திருந்த குடத்தை எடுத்து வந்தாள்.

"அதென்ன குடம்? மீட்டர் இருக்கும்மா. இது இந்த வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான். வெளிய கொண்டுபோகக் கூடாது."

"இந்த வீட்டு ஆளுங்களுக்குத்தான் கொண்டுபோறேன்" என்றாள். அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

இடுப்பில் குடத்தோடு இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. குடம் தளும்பித் தளும்பிச் சேலை நனைந்தது. இது தங்கைக்கு ஒரு நாளைக்குக் காணும். நாளைக்கு மறுபடி ஏற வேண்டும். மற்ற மூன்று பேருக்கும் கொடுப்பதென்றால் நாலு தடவை. பட்டறை கேட்டை நெருங்கும்போது வாட்ச்மேன் பையன் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"அக்கா, மேட்டுல இருந்தா தண்ணி எடுத்துட்டு வர்றீங்க?"

"ஆமா."

"ஐயோ, ஊத்திடுங்கக்கா அதை!" அவன் பதறிக்கொண்டு கிட்டே வந்தான். "அது சிவப்பு ஏரியா. தண்ணியில விஷம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, உங்களுக்குத் தெரியாதா? ஊட்ல வேற சீக்குக்காரங்களை வச்சிருக்கீங்க. நம்ம பம்பு இருக்கும்போது எதுக்குக்கா அவ்ளோ தூரம் ஏறி எறங்கறீங்க?"

சாவிக்காரி நின்றாள். "தம்பி, நீ அதைக் குடிக்காத" என்று ஆரம்பித்தாள்.

அவன் சிரித்தான். மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், அவளுக்கும் தினமும் இங்கேயிருந்து இரண்டு கேன் கொண்டுபோகிறேன் என்று போன வாரம்தான் பெருமையாகச் சொல்லியிருந்தான். "நீங்க வேறக்கா, படிச்சவங்க போட்ட கணக்கு" என்று பின்னால் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கட்டைவிரலால் காட்டினான். பிறகு பம்பில் பிடித்து வைத்திருந்த பாட்டிலைத் திறந்து, தலையை அண்ணாந்து, பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தான்.